எஃப் டிரைவ்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால், அதோடு இணைத்து, ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டாண்டில் யாரிடம் எந்தப் படம் இருந்தாலும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். படம், பாட்டு, கருட சேவை வீடியோ, கல்யாண வீடியோ, எல்லாம் டி டிரைவில் ஒரே குவியல்.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிறேன். வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மடித்து, எந்தத் தட்டில் இருந்ததோ அந்தத் தட்டில் வைக்க வேண்டும். ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் கலைந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, எங்களோடு இருக்கிறார். தறியில் உட்கார்ந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். குளிக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்பது அவருக்குப் பிடிக்காது. யாரையும் கேட்காமல் அவர் செய்கிற ஒரே காரியம், மத்தியானம் படம் போட்டுப் பார்ப்பது. கட்டிலில் உட்கார்ந்தபடியே ரிமோட்டை அமுக்குவார். ஓகே பட்டன் விரலுக்குத் தெரியட்டும் என்று அதன்மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன்.

டி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு வந்துவிட்டது. புதுப் படம் ஏற மறுத்தது. கடை லீவு விட்ட நாளில் நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

“நீயே அடுக்கு மே,” என்றார் வீட்டுக்காரர். “எனக்கு ஆட்டோ சீட்டுக்கு அடியில இன்னா இருக்குதுன்னே தெரியாது.”

இரண்டு முறை ஏறியிருந்ததை ஒன்றாக்கினேன். சாமி, சண்டை, பாட்டு, பிள்ளைகள் பார்ப்பது என்று தனித்தனியாக ஃபோல்டர் போட்டேன். எங்கள் வீட்டு வீடியோவெல்லாம் ஈ டிரைவுக்குப் போயிற்று. சி டிரைவில் கை வைக்கக் கூடாது, கம்ப்யூட்டரின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் கடைத் தட்டு மாதிரி இருந்தது.

“விலைச் சீட்டு ஒண்ணுதான் இல்ல,” என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மாமா பிளவுஸ் தைக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா கேட்டாள் என்று போனிலிருந்து ஏற்றி வைத்தது அது.

“இன்னா மாமா, ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா?”

“கை வெட்டறது நல்லா இருக்குது,” என்றார்.

அதற்கு மறுநாளும் அதுவே ஓடியது. நடுவில் ஒருநாள் பேசுகிற முயல் வரும் பொம்மைப் படம். எதிர்வீட்டு அக்காதான் பகலில் வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மாமனாரு ஜாக்கெட்டு கத்துக்கினு இருக்காரு. எனக்கு ரெண்டு தைக்கணும், சொல்லி வையி.”

நானும் சிரித்தேன்.

பிறகு டிவி ஓடவே இல்லை. ரிமோட் பிளாஸ்டிக் உறையோடு தலைமாட்டில் கிடந்தது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு பாதிதான் இறங்கியது.

“அப்பா, படம் போடட்டா?” என்றார் வீட்டுக்காரர்.

“வேணாம்பா. கண்ணு எரியுது.”

கண் சிவக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஆடி மாதம். கடையில் கூட்டம் இல்லை, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டு ஜன்னல் அருகே வந்தபோது டிவி வெளிச்சம் தெரிந்தது. நின்றேன். மாமா ரிமோட்டைப் பிடித்திருந்தார். கட்டைவிரல் கீழ் பட்டனை அமுக்கியது. கூடவே உதடு அசைந்தது. அமுக்கி அமுக்கி ஓரிடத்தில் நிறுத்தி, பொட்டைத் தடவி அழுத்தினார். முயல் வந்தது. அணைத்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் முயல். ரிமோட்டை உறைக்குள் போட்டு வைத்துவிட்டார்.

தறியில் புட்டாப் பூ போடும்போது இழை எண்ணுகிற உதடு அது. அவர் ஒருநாளும் படத்தின் பெயரைப் படித்ததே இல்லை. புதுப் படமெல்லாம் பட்டியலின் அடியில்தான் போய்ச் சேரும். மேலே இருப்பது இடம் மாறாது. எந்தப் படத்துக்கு எத்தனை அமுக்கல் என்பது அவர் விரலில் இருந்தது. நான் நன்றாகத்தான் அடுக்கியிருந்தேன். அவர் வந்து போகிற வழிதான் அடைபட்டுவிட்டது.

சத்தம் வர செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன். மாமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கையைப் பிசைந்த சோற்றிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

“கேட்டுடலாம். எந்தப் படம் எங்க இருந்துதுன்னு அவரே சொல்லட்டும்.”

“கேட்டா இன்னா சொல்லுவாரு?”

“வேணாம்பான்னுவாரு.”

வீட்டுக்காரரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அப்பாவுக்குப் பிள்ளை.

மாமாவுக்கென்று தனியாக ஒரு டிரைவ் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தோம். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஈ டிரைவில் இடம் நிறையக் கிடந்தது. வீட்டை இடிக்காமல் உள்ளேயே ஓர் அறை தடுக்கிற வேலை. வீட்டுக்காரர் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கடைசியில் கம்ப்யூட்டர் ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டது. ஃபார்மட் என்றால் எல்லாம் அழிந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் கல்யாண வீடியோ ஈயில் இருந்தது.

“எதை அழிக்குதுன்னு நல்லா பாருங்க,” என்றேன்.

“காலி இடத்தைத்தான்.”

“நெஜமாவா?”

“காமாச்சி மேல பாரத்தைப் போட்டு அமுக்கு மே.”

நான்தான் அமுக்கினேன். எஃப் என்று புதிதாக ஒன்று வந்தது. ஈயைத் திறந்து பார்த்தேன். கல்யாணம் இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இனி வரிசை வேண்டும். அது ஒருவருக்குத்தான் தெரியும். மாமா கட்டிலில் இருந்தார். நான் கொஞ்சம் சத்தமாகவே வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“மொதல்ல அந்தப் போலீஸ்காரன் படம் தானே?”

“ஆமா ஆமா. போலீஸ்காரன்தான்.”

ஓரக்கண்ணால் கட்டிலைப் பார்த்தேன்.

“அடுத்தது பேய்ப் படம்.”

“ஆமா. பேய்.”

“போலீஸ்காரன் எங்கடா மொதல்ல வந்தான்?” என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடியே. “மொதல்ல மாடு.”

“எந்த மாடுப்பா?”

“கொம்புல முட்டி எல்லாரையும் கெணத்துல தள்ளுமே. அதுக்குக் கீழ ரெண்டு பொண்டாட்டிக்காரன். அப்புறம் கப்பலு. போலீஸ்காரன் அழுவறது அதுக்கும் கீழ.”

“ரெண்டு பொண்டாட்டிக்காரனை இவ்ளோ மேலயா வெச்சிக்கினு இருந்தே?”

“நானா வெச்சேன்? ஏத்தினது நீ. எதுக்கு ஏத்தினேன்னு உன் பொண்டாட்டி கேக்கட்டும்.”

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. நான் சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டேன்.

மாமா நிறுத்தவில்லை. சொல்லச் சொல்ல நான் இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் ஒரு நம்பர் போட்டேன். இனி நகராது. ஓரிடத்தில் அவருக்கே சந்தேகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வெறும் கட்டைவிரலைத் தொடைமேல் அமுக்கிப் பார்த்தார்.

“பேயிக்கு அப்புறம் ஆனை. போடு.”

“ஜாக்கெட்டு தைக்கறது, மாமா?”

“அதுவும் இருக்கட்டும். கடைசில.”

அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. புரிந்ததாக அவர் காட்டவில்லை. நாங்களும் காட்டவில்லை.

டிவியில் வருகிற டிரைவ் பட்டியலில் எஃப் கடைசியில் இருந்தது. மேல் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் நேராகக் கடைசிக்குத் தாவும். வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து, டிவியைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

“மேல ஒண்ணு. பொட்டு. அவ்ளோதான்.”

ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஆட்டோவை எடுக்கப் போய்விட்டார். நான் அடுப்படிக்குப் போனேன். அன்றைக்கு மாமா ரிமோட்டைத் தொடவில்லை.

மறுநாள் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. மாட்டுக் கொம்பும் ஆட்கள் அலறலும். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளக் கை வைத்தேன்.

“யாரது?”

“நான்தான், மாமா.”

“சண்டை ஓடிக்கினு இருக்குது. முடிஞ்சதும் வாம்மா.”

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, உன் ஊட்லயே உன்ன வெளிய நிக்க வெச்சிட்டாரா?”

“ஆமாக்கா.”

பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றேன். கிணற்றில் ஒவ்வொருவராக விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீளமான சண்டை அது.