பதிமூன்றுக்கு ஐந்து

இன்று காலை மகளின் கம்ப்யூட்டர் விட்டு விட்டு 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே ஃபேன் கழன்றுவிட்டது என்று முடிவுகட்டி பிளக்கைப் பிடுங்கிய மேதை நான்தான்.

பிறகு பிரியாணிக் கடைக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன்.

குளித்துவிட்டு வந்தவள் அலறினாள். "அத்தா! அது ரிப்பேர் இல்ல, என் தாளம்! இன்னைக்கு காலேஜ்ல குடுக்கணும். சேவ்கூட பண்ணல!"

இரண்டு எண்களைக் கொடுத்தால், இத்தனை எண்ணிக்கைக்குள் இத்தனை அடி என்று மென்பொருளே கணக்குப் போட்டுப் பிரித்துத் தட்டுமாம். எத்தனையோ ஜோடி போட்டுப் பார்த்து ஒன்றுதான் பிடித்ததாம். அது எந்த ஜோடி என்று இப்போது நினைவில்லையாம்.

"நான் என்னத்தக் கண்டேன் தாயி" என்று முனகி, குனிந்த தலை நிமிராமல் நறுக்கினேன்.

"அத்தா, கத்திய நிறுத்தாதீங்க!"

என் கத்தி வெட்டுக்கு வெட்டு விடும் இடைவெளியை அவள் விரல்விட்டு எண்ணினாள். "மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு. பதிமூணுக்கு அஞ்சு! அதேதான்த்தா!"

பிடுங்கியது பிளக்கைத்தான். தாளம் என் கையில் ஏறிவிட்டிருக்கிறது.

மனைவி எட்டிப் பார்த்து, "கடைக்கு இம்புட்டு வெங்காயமா? யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

கிளம்பும்போது மகள் சொன்னாள். "உங்களுக்குக் கணக்கு நல்லா வருதுத்தா. வீட்டுக் கஷ்டத்துல படிப்ப விடாம இருந்தா எங்கயோ போயிருப்பீங்க."

அடக்கமாகத் தலையாட்டினேன்.

என்னோடு பத்தாவது படித்தவர்கள் கமெண்டில் கம்மென்று இருக்கவும். பரீட்சையில் கணக்குக்கு நான் வாங்கியதும் அதே பதிமூன்றுதான் என்று அவளிடம் சொல்லவில்லை.