நாலு பேர் கூடாரம்

ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். உடுப்பியிலிருந்து கார்வார் வரை காரில் போய், இரவில் கூடாரத்தில் தங்குவது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். கல்யாணமான பிறகு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம்.

இன்று காலை, அவர் வாங்கி வந்த கூடாரத்தை ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தோம். நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம். அந்த நேரம் பார்த்து நாத்தனார் மாடியேறி வந்தார்.

"ஏன் தம்பி, இம்புட்டு இடம் சும்மாதானே கெடக்கு? நானும் உன் மச்சானும் வாரோம். புளியோதரை கட்டிக்கிறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, "அதுக்கென்னக்கா," என்றார்.

நாத்தனார் நல்லவர்தான். ஆனால் அவர் வந்தால் இது இன்னொரு குடும்பச் சுற்றுலா. இந்த முறை நான் விடுவதாக இல்லை. கூடாரத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, டவுனில் அதை வாங்கிய கடைக்கே மாற்றப் பஸ் ஏறினேன்.

கடைக்காரருக்கு ஆச்சரியம். "எல்லாரும் சின்னதைக் குடுத்துட்டுப் பெருசு கேப்பாக. நீங்க என்னக்கா, ரெண்டு பேர் படுக்குறதைக் கேக்குறீக?"

"இடம் இருக்குன்னு சொந்தக்காரவுக கெளம்புறாக அண்ணே. எங்க வீட்டுக்காரரும் சரிங்கிறாரு."

அவர் சிரித்தார். "அப்ப ஒரு ஆளு மட்டும் படுக்குறதும் இருக்கு. எடுக்கவா?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் இரண்டு பேருக்கானதையே வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு ஆள் கூடாரத்தை விட்டுவிட்டு வந்ததில் அவசரப்பட்டுவிட்டேனோ?