டோலினாவின் நாக்கும் நான்கு சாம்பல் காலுறைகளும்

இன்வர்னஸிலிருந்து லண்டன் வரை தேடினாலும் டோலினா மெக்கின்னனின் நாக்குக்கு ஈடு கிடையாது. துளிர் பீரை ஒரு மடக்கு வாயில் விட்டால் போதும். எந்த மரம், எந்தக் கிளை, பறித்த அன்று அந்தக் கிளையில் எந்தக் குருவி உட்கார்ந்திருந்தது என்பதுவரை சொல்லிவிடுவாள். குருவி கொஞ்சம் அதிகப்படி. லண்டனையும் கழித்துவிடலாம். மரம் வரை கலப்படமில்லாத உண்மை.

ஃபாரக் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருஷமாக சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவள் அவள். வாசலில் கடிதத்தை நீட்டினால் உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் பீர் வரும். மறுப்பது மரியாதையில்லை. அப்படி வீடு வீடாக மரியாதை காத்ததில் வளர்ந்த நாக்கு. மே மாதம் பைன் மரத்திலும் ஸ்ப்ரூஸ் மரத்திலும் இளம்பச்சைத் துளிர் விடும்போது ஊரே கூடையோடு காட்டுக்குப் போகும். பறித்ததை பார்லி மால்ட்டோடு கொதிக்கவைத்து, புளிக்கவிட்டு, ஜூன் கடைசிச் சனிக்கிழமை ஊர்க்கூடத்துக்குக் கொண்டுவரும். அங்கே ருசி நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது பத்தொன்பது வருஷமாக டோலினாதான். அவள் வீட்டு ஜாடியும் மற்றவற்றோடு வரிசையில் நிற்கும்.

எந்த ஜாடி யாருடையது என்று தெரியக்கூடாது. அதனால் எல்லா ஜாடிக்கும் ஒரே ஆலையின் சாம்பல் கம்பளியில் அவரவர் வீட்டில் பின்னிய நீளக் காலுறையை மாட்டிவிடுவார்கள். இன்னொரு விதியும் உண்டு. விழுங்கிய பிறகே வாய் திறக்க வேண்டும். குடிக்காமல் ருசி சொன்னவர் அந்த நிமிஷமே நாற்காலியைவிட்டு எழுந்துவிட வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு பாதிரியார் அப்படி எழுந்தார். அந்த அவமானத்தில் வேறு ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார்.

இந்த வருஷம் டோலினாவுக்குச் சனியன் மூக்கில் உட்கார்ந்தது. மகளின் பிரசவத்துக்கு ஓபன் ஊருக்குப் போனவள், பேரனோடு ஜலதோஷத்தையும் கொஞ்சிவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தாள். வீட்டு பீரைப் புருஷன் ரூரி தனியாகக் காய்ச்சியிருந்தான். அவளுக்கோ பீரும் வெந்நீரும் ஒன்றுதான். வெளியே சொன்னால் நாற்காலி நாத்தனார் பெய்கிக்குப் போகும். ரூரியின் அக்காவான பெய்கி, தம்பி பெண்டாட்டிக்கு இருப்பது நாக்கு இல்லை, வாய் மட்டும்தான் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிறவள்.

மூக்கு கைவிட்டாலும் விரல் கைவிடவில்லை. கம்பளி ஒன்றாக இருக்கலாம், பின்னல் ஒன்றாகுமா? அந்தப் பள்ளத்தாக்கில் யார் கை இறுக்கம், யார் கை தளர்த்தி என்று டோலினாவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

நான்கு ஜாடிகளில் முதலாவதைத் தூக்கி ஊற்றினாள். கம்பி மாதிரி இறுக்கமான பின்னல். பள்ளிக்கூடத்து கிறிஸ்டன் டீச்சர். குடித்துவிட்டு, பைன் இரண்டு பங்கு, ஸ்ப்ரூஸ் ஒரு பங்கு, தேனைக் கரண்டியால் வழித்து அளந்திருக்கிறார்கள், ஒரு சொட்டும் கூடவில்லை என்றாள். டீச்சர் எழுந்து நின்றபோது கூடம் கைதட்டியது. இரண்டாவது காலுறை, காட்டிலாகா லாக்லனின் அம்மா பின்னியது. அதன் விரல் நுனி எப்போதும் இரண்டு அங்குலம் நீளம். மர உச்சித் துளிர், காற்று அடித்த துளிர், இதன் கசப்பு நாக்கில் ஏணி போட்டு ஏறுகிறது என்றாள். லாக்லன் எழுந்தான்.

மூன்றாவதைத் தொட்டதும் டோலினாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வலை மாதிரித் தளர்ந்த பின்னல், கோணல் குதிகால். சாட்சாத் பெய்கி. ஒரு மடக்கு விழுங்கிவிட்டுப் பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து ஆரம்பித்தாள். துளிர் முற்றி ஊசியான பிறகு பறித்தது. குடித்தால் துடைப்பத்தைச் சப்பிய மாதிரி இருக்கிறது. காய்ச்சியவர் அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். வடிகட்டியது, சத்தியமாகச் சொல்கிறேன், துவைக்காத பனியனில்.

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இதைக் காய்ச்சின புண்ணியவதி கொஞ்சம் எழுந்திருக்கலாம்" என்றாள் டோலினா.

எழுந்தது ரூரி.

"முத்தினது நிஜம். தூங்கினதும் நிஜம். அந்தப் பனியன் விஷயம் உனக்கு எப்படிடீ தெரிஞ்சது?"

 டோலினாவின் கண் தானாக அவன் காலுக்குப் போனது. தன் கையால் பின்னிய ஜாடிக் காலுறை அவனுடைய இடது காலில் இருந்தது.

"காலையில ஒத்தை சாக்ஸைக் காணோம். இதை மாட்டிக்கிட்டேன். ஜாடிக்கு அக்காகிட்ட ஒண்ணு வாங்கினேன்" என்று குனிந்து முணுமுணுத்தான்.

ஆனால் கூடம் வேறு கணக்குப் போட்டது. சொந்தப் புருஷன் காய்ச்சியதையே இப்படித் தோலுரித்த நேர்மை எவருக்கு வரும் என்று ஒருவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலி முன்னைவிட ஆழமாக ஊன்றியது. உட்கார்ந்தே இருந்தவள் பெய்கி ஒருத்திதான். அவள் கண் டோலினாவின் விரல்மேல் இருந்தது. காலுறையைக் கொடுத்தவள் அவளல்லவா? எல்லாம் புரிந்துவிட்ட பார்வை.

மிச்சம் ஒரே ஜாடி. டோலினா தூக்கி ஊற்றினாள். அதே வலைப் பின்னல், அதே கோணல் குதிகால். இந்தத் தடவை நிஜமாகவே பெய்கி. அவள் வாய் திறந்தால் மானம் போகும். திறக்காமலிருக்க ஒரே வழி, குளிரக் குளிரப் புகழ்வது.

புகழ்ந்தாள். இப்படியொரு பீர் தன் ஆயுசில் கண்டதில்லை என்றாள். மழை விட்டதும் பைன் காட்டுக்குள் நுழைந்த மாதிரி முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு ஸ்ப்ரூஸின் எலுமிச்சைப் புளிப்பு, அடித்தொண்டையில் சூடான ஓட்ஸ் ரொட்டியின் இதம். பிசின் வாசனை இருக்கிறதா என்று தேடினால் ஒளிந்துகொள்கிறது, விட்டால் பின்னாலேயே வருகிறது. காய்ச்சிய கைக்கு ராணியே மோதிரம் போடலாம்.

பெய்கி மெதுவாக எழுந்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. மேஜையில், விளிம்புவரை நிரம்பிய கிண்ணத்தில் நுரைகூட அடங்கவில்லை.

"சொன்னதெல்லாம் சரிதான் டோலினா, ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். ஆனா நீ அதை இன்னும் குடிக்கலையே."