ஆயிஷாவுக்குச் சேராத நான்கு

மருந்துக் கடையில் நிற்பவனுக்கு நோய் தெரியாவிட்டாலும் வருகிறவர்களின் கோபம் நன்றாகத் தெரியும். உங்களில் கடையில் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உத்தமபாளையத்தில் முப்பத்தொரு வருடமாக நிற்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. பேச்சு வராது, எண்ணிக்கை வரும். யாருக்கு எது சேரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அதில் ஒரு முழுப் பக்கம் ஆயிஷாவுக்கு. ஐந்து வயது. தோலில் கரப்பான், ஓயாத அரிப்பு. பால், முட்டை, கடலை சேராது. எடை பன்னிரண்டரைக் கிலோ. எப்படியாவது எடை ஏற வேண்டும் என்று டாக்டர் சத்து மருந்து எழுதினார்.

ரோஜா நிற டானிக்

முதலில் ஒரு டானிக். மறுநாளே பிள்ளைக்கு முழங்கை மடிப்பெல்லாம் தடித்துவிட்டது. சாயம் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். பட்டியலில் நான்காவதாக டானிக்கை எழுதினேன். பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்த அவள் அம்மா பர்வீன் கேட்டாள்: "ஏண்ணே, இது பிள்ளைக்குக் குடுக்கவா, சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடவா?"

முப்பத்தாறாவது வரி

அடுத்து சத்துமாவு டின். லென்ஸை வைத்து முழுவதும் படித்தேன். முப்பத்தேழு வரி. முப்பத்தாறாவது வரியில் பால் பவுடர். டின்னைக் கொடுக்காமல், டாக்டரிடமே திரும்பக் கேட்கச் சொன்னேன். பின்னால் கன்னத்தைப் பிடித்தபடி நின்ற பண்ணைப்புரத்துக்காரர் சொன்னார்: "பெரியவரே, நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள எம் பல்லு தன்னால விழுந்துரும் போல."

வெள்ளைச் சொட்டு

மூன்றாவது, சொட்டு மருந்து. சாயம் இல்லை, பால் இல்லை. மூன்று முறை படித்தேன். மறுநாள் மறுபடியும் தடிப்பு. "எந்த மருந்தும் வேணாம்ணே. எம்பிள்ள இப்படியே இருந்துட்டுப் போகுது," என்றாள் பர்வீன்.

நோட்டைப் பார்த்தேன். டின் வாங்காமல் போன மறுநாளும் தடித்ததாகப் பர்வீன் சொன்னது அதில் இருந்தது. "வேற யாரும் எதுவும் குடுத்தாகளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

ஆயிஷா என் மேசைமேல் இருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டினாள். "இந்தத் தாத்தாதான் குடுத்தாக. வரும்போதெல்லாம் ஒண்ணு."

பிள்ளைகளிடம் எனக்குப் பேச வராது. அதனால் மிட்டாய் கொடுத்துவிடுவேன். மருந்து வாங்க மூன்று முறை வந்தாள், மூன்று மிட்டாய். பர்வீன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் வாயில் போட்டுவிடுவாள். தாளைப் பிரித்துப் படித்தேன். முதல் வரியே பால். பர்வீன் சொன்னாள்: "முப்பத்தாறாவது வரி தெரிஞ்ச கண்ணுக்கு, மொத வரி தெரியலையாண்ணே?"

டாக்டரிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். அவர் பார்வையிலேயே சொட்டு மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள், தடிப்பு வரவில்லை. இரண்டு மாதத்தில் எங்கள் கடைத் தராசில் ஆயிஷா பதிமூன்றேகால் கிலோ.

அவளுக்குச் சேராதவற்றின் பட்டியலில் டானிக்குக்கு ஒரு கேள்விக்குறி போட்டு ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டேன்; எண்ணிக்கை இப்போதும் நான்குதான்.