ஒத்தைக்கண்ணன் கோட்டைக் கதவைத் திறந்த நாள்

சிக்குன்குனியா வந்து நான் படுத்துக் கிடந்த மழைக்காலத்தில் டிவி ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க முட்டி மடங்கவில்லை. கீழப்பழுவூரில் எங்களுக்கு ஒரு சின்ன மாவு மில் இருக்கிறது. நான் படுத்துவிட்டதால் மனைவி மில்லுக்குப் போயிருந்தாள். முந்தின நாள் வந்திருந்த மச்சினிச்சியின் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன சேனலில் பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பார்த்தேன். உடம்பு தேறி மில்லுக்குப் போன பிறகும் பார்ப்பதை விடவில்லை.

அது வானத்தில் நடக்கிற கதை. நட்சத்திரங்களுக்கு நடுவே தேர் போலக் கப்பல்கள் போகும். மந்திர வாளும் உண்டு, ராக்கெட்டும் உண்டு. எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள். பெயர்கள் மட்டும் என் வாயில் நுழையாது. அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். அணைந்துபோன ஒரு சூரியனுக்குப் பின்னால் மிதக்கிற கோட்டைக்கு ராஜா கொம்பன். தலையில் இரண்டு கொம்பு, குரல் இடி மாதிரி. அவனுக்குக் கீழே படையை நடத்துகிறவன் ஒத்தைக்கண்ணன். மந்திரம் போடுகிறவள் சாம்பல்காரி. இந்த இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒருத்தர் போட்ட திட்டத்தை இன்னொருத்தர் கெடுப்பதுதான் வேலை.

நல்லவர்கள் கூட்டமும் ஒன்று உண்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டே இருப்பார்கள், எனக்குச் சலித்துப்போகும். கெட்டவர்கள் கோட்டையில்தான் நம் வீடுகளில் நடப்பது போல எல்லாம் நடக்கும். யாரை எங்கே உட்கார வைத்தார்கள், யாரிடம் முதலில் சொன்னார்கள், யாரைக் கேட்காமல் செய்தார்கள் என்று தினம் ஒரு வம்பு.

இதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பொதுவாகவே நான் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மில் சத்தத்தில் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதாலேயே அந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனது. மிளகாயைக் கொட்டுவார்கள், அரைத்துக் கொடுப்பேன், போய்விடுவார்கள்.

ஆனால் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது என் வாய் ஒரு தொந்தரவாகிவிட்டது. வந்த முதல் இரண்டு இடமும் தட்டிப்போனது. இரண்டாவது இடத்துக்காரர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பியது எங்கள் காதுக்கே வந்தது.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். அப்பன் வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கான்? கேட்டதுக்கு ஒரு பதிலு இல்ல. அவ்ளோ தலக்கனம்."

மூன்றாவதாக வந்தது திருமானூர் பையன். பெரம்பலூரில் பைக் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். என் மகளும் பெரம்பலூரில்தான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். அவர்கள் போன பிறகு மகள் அம்மாவிடம், "இவரே போதும்மா. இனிமே யாரயும் வரச் சொல்லாத" என்றாள். எதையும் வேண்டும் என்று கேட்காத பெண் அவள். அதனால் இந்த இடமும் என்னால் போய்விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, வீடு பார்க்கப் பையனின் அப்பாவும் அம்மாவும் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. கை நனைக்க மாட்டோம். எங்கண்ணன் இன்னும் வந்து பாக்கல. அது சொல்லாம எங்க வூட்டுல ஒரு துரும்பும் நகராது."

எங்கள் பக்கத்தில் காபி, பலகாரம் வரைக்கும் ஒன்றுமில்லை. பெண் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டால் கை நனைத்ததாக ஆகிவிடும். சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பேசி முடிக்கும்வரை யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். என் மனைவி ஒரு நம்பிக்கையில் முருங்கைக்காய் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் செய்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் சொன்னதும் முகம் வாடி, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பையனின் அப்பா வயல்காரர். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. அவரும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன், அவர் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். காபி தீர்ந்தது. எங்கள் பின் தெருவில் அந்த அம்மாளுக்குத் தூரத்து உறவில் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று, ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்த என் மகளையும் சேர்த்துப் பெண்கள் மூவரும் கிளம்பினார்கள். போகும்போது என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இப்படியே விட்டால் உறைந்துவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, டிவியைப் போட்டுவிட்டுப் போனாள்.

நான் கடைசியாகப் பார்த்த சேனல்தானே வரும்? திரை முழுக்கக் கொம்பன் நின்று உறுமினான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு பொம்மைப் படம் பார்க்கிற அப்பன். பாய்ந்து ரிமோட்டை எடுத்தேன்.

"இருங்க, இருங்க. மாத்தாதீங்க" என்றார் அவர். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். "இது ஒத்தக்கண்ணன் கதவத் தொறந்து விடுறதுக்கு முந்தியா, பொறவா?"

அவரும் அவனுக்கு அதே பெயரைத்தான் வைத்திருந்தார். அவனுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

"தொறந்து விடுறானா?" என்றேன். "எந்தக் கதவ?"

"அடடா. நீங்க இன்னும் அதப் பாக்கலயா? வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்." தொடையில் தட்டிக்கொண்டார். "மோட்டாரப் போட்டுட்டு வரப்புல ஒக்காந்து போன்ல பாப்பேங்க. தண்ணி பாயிற வரைக்கும் என்னா பண்றது? வூட்டுல சொன்னா சிரிப்பாளுவ. யார்ட்டயும் சொல்றதில்ல."

அதற்குப் பிறகு எங்களுக்கு நேரம் போனது தெரியவில்லை. அவன் கதவைத் திறக்கும் கதைதான் அன்று வந்தது. ஒத்தைக்கண்ணனின் ஊருக்கு வெளிச்சம் கொடுத்த சூரியனை அணைத்தது எதிரிகள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். இல்லை, அதை அணைத்ததே கொம்பன்தான் என்று சாம்பல்காரி அவன் காதில் ஓதுகிறாள். அவன் ராவோடு ராவாக எதிரிகளுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான்.

நடுவில் விளம்பரம் வந்தபோது சர்க்கரை மாத்திரை போடும் நேரம் என்று எழுந்தேன். "நானும் போடணும்" என்று அவர் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தோம். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும். நான் தினமும் செய்வது போல அடுக்களைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டேன். எதிரே ஒருவர் இருக்கும்போது நான் மட்டும் தின்ன முடியாதே என்று இன்னொரு தட்டிலும் போட்டு அவர் முன்னால் வைத்தேன். சத்தியமாக வேறு நினைப்பு எதுவும் இல்லை. அவரும் திரையைப் பார்த்தபடியே வாங்கிப் பிசைய ஆரம்பித்தார்.

"அவன் பண்ணுனது தப்பே இல்லைங்க" என்றேன் நான். "சூரியன அணைச்சவன்கிட்ட என்னா விசுவாசம் வேண்டிக் கெடக்கு? மொதல்ல துரோகம் பண்ணுனது கொம்பன்தான்."

"அதெல்லாம் பேசாதீங்க. இத்தன வருசம் யார் போட்ட சோறு? நேரா போயி, நீதான் அணைச்சியான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுருக்கணும். கேட்டானா? அந்தச் சிறுக்கி சொன்னத நம்பி..." ஒரு உருண்டையை உள்ளே தள்ளினார். "உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்ணுனவன்யா அவன்! உண்ட வூட்டுக்கு!"

"நீங்க எந்த வூட்டுல உண்டுகிட்டு இருக்கீங்க?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

பெண்கள் திரும்பியிருந்தார்கள். பேசியது பையனின் அம்மா. பையனின் அப்பா தன் கையைப் பார்த்தார். விரல் எல்லாம் சாம்பார். என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் என் மகள் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கண்ணனுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?" என்றார் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "பேசாத ஆளுன்னு சொன்னாங்க. பேசாமயே சோத்தப் போட்டு காரியத்த முடிச்சிட்டீங்களே."

அது தந்திரம் என்று அவர் நினைத்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். எச்சில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அப்போது பேசாமல் இருந்தால் மகளுக்கு நான் செய்கிற துரோகம் அதுதான் என்று தோன்றியது.

"அம்மா, நான்தான் வச்சேன். ஞாபகம் இல்லாம வச்சேன். இத கை நனைச்சதா நீங்க எடுத்துக்க வேணாம். வெளிய யார்ட்டயும் நாங்க சொல்ல மாட்டோம். எம் பொண்ணு உங்க வூட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசதான். ஆனா உங்க அண்ணன் மனசு கோணி வந்தா அது அங்க நல்லா இருக்காது. நீங்க யோசிச்சே சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினேன்.

பையனின் அப்பா தட்டை எடுத்துவைத்துவிட்டுக் கை கழுவப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அசையவில்லை. மிச்சச் சோற்றை ஓரத்தில் ஒதுக்கி நடுவில் குழி செய்துகொண்டார். என் மனைவியைப் பார்த்து, "ரசம் இருக்காம்மா?" என்றார்.

அந்த அம்மாள் தட்டின் பக்கம் வந்தார். "என்னாங்க இது!"

"தெரியாம சாப்புட்டேன். இப்பத் தெரிஞ்சிதான் கேக்குறேன். போனப் போடு. மச்சான்கிட்ட நானே சொல்றேன்."

இடது கையில் போனை வாங்கிக்கொண்டார். மறுமுனைக் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"மச்சான், பொண்ணு வூட்டுல கை நனைச்சிட்டேன்."

"யாரக் கேட்டு நனைச்சீங்க?"

"பசி எடுத்துச்சு மச்சான்."

பிறகு, "எந்தங்கச்சி எங்க?"

"எதுத்தாப்ல நிக்கிது."

"அது சாப்புட்டுச்சா?"

"இல்ல."

"சர்க்கர ஒடம்ப வச்சிக்கிட்டு நீங்க தின்னுட்டீங்க, அதப் பட்டினி போட்டுருக்கீங்க. மொதல்ல அத ஒக்காரச் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நான் வரேன். எனக்கு சரிப்படலன்னா அப்பறம் இருக்கு சேதி."

அந்த அம்மாள் சாப்பிட்டார். குறைவாகத்தான் சாப்பிட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு வரைக்கும் எனக்கு மாவு எந்தப் பதத்தில் அரைகிறது என்றே தெரியவில்லை. மகள் பெரம்பலூரிலிருந்து தினமும் அம்மாவுக்குப் போன் செய்தாள். என்னிடம் கொடுக்கச் சொல்லி, "நீங்க சாப்புட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்பாள். நான் ம் என்பேன்.

பையனின் தாய்மாமன் வந்தார். ஆறடி உயரம், கனத்த குரல். தங்கையும் மச்சானும் பின்னால் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மில்லைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எதற்கும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க மச்சான சோறு திங்க வச்ச அந்தக் கார்ட்டூன போடுங்க. என்னா அப்புடி அதிசயம்னு பாப்போம்" என்றார்.

மச்சான்தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கதையை முதலிலிருந்து சொன்னார். அன்றைக்கு வந்தது கோட்டை விழுந்துவிட்ட கதை. கொம்பன் தனியாக நிற்கிறான். ஒத்தைக்கண்ணன் எதிரிகளோடு சேர்ந்து வருகிறான். நான் ஒத்தைக்கண்ணன் பக்கம் என்று மச்சான் போட்டுக்கொடுத்தார். தாய்மாமன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார். கொம்பன் விழும்போது அவர் முகம் மாறியது.

"பாவம்யா அவன்" என்றார். "அவ்ளோ பெரிய கோட்டயக் கட்டி எல்லாரயும் வச்சிருந்தான். தப்புப் பண்ணுனானோ இல்லியோ, இருக்கட்டும். வந்து ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? எல்லாம் முடிச்சிட்டு வந்து சொல்றானுவ."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தங்கை தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அவர் மேல் இருந்த பயம் அந்த இடத்தில் குறைந்தது. உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

"தேதி நீங்கதான் சொல்லணும்" என்றேன். "இன்னும் யாரும் பாக்கல. நாங்க எதுவும் பேசல."

"என்னயவா?"

"உங்களத்தான்."

அவர் பஞ்சாங்கத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டுக் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டி, இதில் நாள் சரியில்லை, அதில் அறுவடை வரும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, ஆவணியில் ஒரு முகூர்த்தத்தில் விரலை வைத்தார்.

"இந்த நாளு. எல்லாருக்கும் சம்மதமா? எதுத்துப் பேசுறவங்க இப்பவே பேசிருங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அடுக்களை வாசலில் நின்ற என் மகள் மட்டும் சிரிப்பை மறைத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போனாள். உள்ளே என் மனைவி எல்லாருக்கும் சோறு போட வாழை இலைகளை அள்ளிக் கழுவும் சத்தம் கேட்டது.