மீனின் கண்ணைக் காணவில்லை

பள்ளிச் சுவரில் இரண்டு மாதமாகப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய மொசைக் மீன் செய்துகொண்டிருந்தேன் அல்லவா, அதை இன்று பார்க்கப் போய் வயிறெரிந்து திரும்பியிருக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து விளிம்பு போன ஒரு கிண்ணம் கொண்டுவந்தது. அவற்றை உடைத்துத்தான் செதில் ஒட்டினோம். எட்டு வயது லின் கொண்டுவந்தது இங்கே சைகானின் சீனர் பகுதியான சோலோன் கடைகளில் விற்கும், சேவல் படம் போட்ட கிண்ணம். அந்தச் சேவலின் தலைதான் மீனுக்குக் கண்.

இன்று பார்த்தால் மீன் முழுக்க ஒரே அளவுச் சதுர டைல்ஸ், பாத்ரூம் சுவர் மாதிரி.

பெற்றோர் குழுத் தலைவர், நம் சென்னைக்காரர், பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"பசங்க ஒட்டினது கோணல்மாணலா இருந்துச்சு மேடம். நாளைக்கு கெஸ்ட்டெல்லாம் வர்றாங்க. அதான் கொத்தனாரை விட்டு நூல் புடிச்சு ஒட்டச் சொல்லிட்டேன்."

"மீன் செதிலுக்கு எதுக்குங்க நூல்?" என்றேன்.

"பாக்க நீட்டா இருக்குல்ல?"

பக்கத்திலேயே 'முழுவதும் மாணவர்கள் செய்தது' என்று வியட்நாமிய மொழியில் பலகை வேறு மாட்டியிருக்கிறார்.

லின் அண்ணாந்து பார்த்துத் தேடினாள். "டீச்சர், என் சேவல் எங்கே?" என்று அவள் மொழியில் கேட்டாள். தலைவருக்கும் அந்த மொழி நன்றாகப் புரியும். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சைக்கிள் ஷெட் பின்னால் கொத்தனார் பெயர்த்துப் போட்டிருந்த குப்பை மூட்டையைக் கொட்டி, சேவல் தலையை நானும் லின்னும் கண்டெடுத்துவிட்டோம்.

நாளை பத்து மணிக்குத் திறப்பு விழா. உளியும் சுத்தியலும் என்னிடம் இருக்கின்றன. சைகானில் யாரிடமாவது ஏணி இருக்கிறதா?