பிள்ளை மடுவத்தில் ஒரு நேர்முகம்

போன கிழமை எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஆராய்ச்சியாளர் ஒருவரைத் தேடி இணையவழி நேர்முகம் நடத்தினோம். பேசிக்கொண்டிருந்த பெண்ணின் பின்னால் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. பாவம், அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். அவருக்குச் சேவல் ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன் என் நேர்முகத்தில் எனக்கு வாய்த்தது ஒரு குழந்தைப் பட்டாளம்.

இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்களுக்கு ஒரு ரப்பர் தோட்டம். சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள், அம்மா பால்வெட்டிய தோட்டம். அந்த ரப்பரைப் பற்றியே முனைவர் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் கிடைத்த தற்காலிக வேலையும் முடிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி, ஆராய்ச்சி இடம் கேட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் 'நிதி இல்லை' என்றிருக்கும். பக்கத்து வீட்டு அத்தை தினமும் கேட்பார்: "இம்புட்டுப் படிச்சும் இன்னும் எடந் தேடுறியா புள்ள?" எனக்கும் அதே சந்தேகந்தான்.

கடைசியில் நெதர்லாந்துப் பேராசிரியர் ஒருவர் காணொளியில் பேசலாம் என்றார். தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாக்கா, "நீ வா, எல்லாத்தையும் தூங்க வச்சிர்றேன்" என்றார். பவுடரும் சத்துமாவும் மணக்கும் அந்த அறையில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

இழுத்துப் பிடித்த ரப்பரில் விழும் கீறல் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்று பேராசிரியர் கேட்டார். என் ஆய்வே அதுதான். ஆனாலும் பதற்றத்தில் ஆங்கிலம் தடுக்கியது. சுவரில் கரும்பலகை இருந்தது. போனை ஜன்னலில் சாய்த்துவிட்டு, 'அம்மா', 'ஆடு' என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் மூலக்கூறுகளை நீள நீள இழைகளாக வரைந்தேன். நான் வெண்கட்டியை எடுத்ததும் வாண்டுகளெல்லாம் பாயில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். "பொலிமர்" என்றேன். "பொலிமர்!" என்று கூட்டமாகக் கத்தினார்கள். சரோஜாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பேராசிரியரோ, "வகுப்பு தயார், மேலே சொல்லுங்கள்" என்றார். அதன் பிறகு நாக்கு எங்கும் தடுக்கவில்லை. இழைகள் நெருங்கிச் சேர்ந்து கீறலை மறிப்பதைப் பலகை நிறைய வரைந்து காட்டினேன்.

அதற்குள் வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா வந்தார். போனில் வெள்ளைக்காரரைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கொஹொமத மஹத்தயா? மே அபே துவ" என்றார். சுகமா ஐயா, இது எங்கள் மகள் என்று சிங்களத்தில்! தமிழ் தெரியாதவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அம்மாவுக்குச் சிங்களந்தான். ஆனால் 'எங்கள் மகள்' என்று சொன்ன அந்தத் தொனி இருக்கிறதே, பட்டமளிப்பு மேடையில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

வேலை கிடைத்தது. புறப்பட்ட அன்று தோட்டமே பஸ் ரோட்டுக்கு இறங்கி வந்தது. அத்தை டிரைவருக்கு உத்தரவே போட்டுவிட்டார்: பார்த்து ஓட்டணுமாம், உள்ளே கலாநிதி இருக்கிறாளாம்.

போன வருஷம் அதே லயத்திலிருந்து இன்னொரு பெண் ஆராய்ச்சி வேலைக்கு ஜப்பான் போனாள். அப்பாவோடு ஓட்டோவில் ஏறிப் போய்விட்டாளாம். வழியனுப்ப யாரும் ரோட்டுக்கு வரவில்லையா என்று அம்மாவைக் கேட்டேன்.

"எல்லாரும் வேலைக்குப் போய்ட்டாங்க. நம்ம புள்ளைக போறதுதானே, அதுல என்ன அதிசயம்?"

அந்த அதிசயம் எங்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. போகட்டும்.